சந்தியில் நிற்கிற விமானி

மார்கழி 8, திங்கள்

இல்லை, பயம் ஒன்றுமில்லை. நேற்று தனு அனுப்பிய குரல்பதிவில் கேட்டது அதுதான்: "இங்க வரப் பயமாடா?" அவனுக்குப் பதில் போடவில்லை. இங்கே போடுகிறேன். பயமில்லை. எரிச்சல்.

காலையில் பனி, பிறகு சுள்ளென்று வெயில். வாய்க்கால் பக்கத்து வயல்களுக்கு மருந்தடிப்பு. ட்ரோன் பற்றரி ஒன்று சூடாகி நின்றுவிட்டது. முதலாளி போனில் கத்தல்.

"கம்பஸ் படிச்சனான் எண்டு சொன்னாய், ஒரு பற்றரியைப் பாக்கத் தெரியாதோ?"

பாதியில் விட்டவன் என்றும்தான் சொன்னேன். அது அவருக்கு மறந்துபோகும்.

கடைசியாக எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வயல். முடித்துவிட்டு வந்தால் கொடியில் ஓர் உடுப்பும் இல்லை. அடுப்பில் தண்ணீர் ஊற்றியிருக்கிறது. சோறு அரைவேக்காடு. வழமைதான். மேலே அந்த இரைச்சல் கேட்டால் பெரியம்மா கலர் உடுப்பையெல்லாம் உருவி உள்ளே எறிவார், புகை தெரியாமல் அடுப்பை அணைப்பார். சண்டைக் காலத்தில் மேலே வேவு விமானம் சுற்றும். சனம் வைத்த பெயர் வண்டு. வண்டு பார்த்துவிட்டுப் போனால், பின்னால் குண்டு போடுகிறது வரும். சண்டை முடிந்து எனக்கு மீசையும் முளைத்துவிட்டது. பெரியம்மாவின் கைக்கு மட்டும் யாரும் இன்னும் சொல்லவில்லை.

"நான்தானே பெரியம்மா மருந்தடிக்கிறன். சொல்லிப்போட்டுத்தானே போனனான்."

"தெரியும். உடுப்புக் காஞ்சிட்டுது, எடுத்தனான்."

"அடுப்பும் காஞ்சிட்டுதோ?"

"வாயை மூடிக்கொண்டு தின்."

தின்றேன். பருக்கை பருக்கையாகப் பல்லில்.

பெரியம்மா அம்மாவின் தமக்கை. அம்மாவும் அப்பாவும் சண்டையின் கடைசி மாதங்களில் போய்விட்டார்கள். எனக்கு முகம் ஞாபகமில்லை. அதற்குப் பிறகு எல்லாமே பெரியம்மாதான். தனு அவருடைய சொந்த மகன். என்னைவிட ஒரு வயது கூட. அண்ணா என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை, கூப்பிட்டால் சிரிப்பான்.

இருவரும் ஒரே ட்ரோனில்தான் பழகினோம். அவன் என்னைவிடத் திறம். ஆவணியில் வவுனியா ஏஜென்ற் பிடித்து வெளிநாடு போனான். பண்ணை வேலை என்று சொன்னார்கள். இறங்கின பிறகு வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்து. பிறகு அந்த நாட்டு ஆமியின் பச்சை உடுப்பு. நாட்டின் பெயரை எழுதப்போவதில்லை. பெரியம்மா வளர்ப்பு அப்படி.

மார்கழி 9, செவ்வாய்

மப்பு. மழை வருகிற மாதிரி. வரவில்லை.

தனு ட்ரோன் சோதனையில் பாஸ். வீடியோ வந்தது. பள்ளிக்கூட விளையாட்டு மண்டபம் மாதிரி ஓர் இடம். வரிசை. பெயர் கூப்பிட ஒவ்வொருவராகப் போய் ஒரு தாள், ஒரு சின்னம், ஒரு கைகுலுக்கல், திரும்ப வரிசைக்கு. எங்கள் பரிசளிப்பு விழாவேதான், மாலையும் குத்துவிளக்கும்தான் குறைவு. தனு நடக்கிற நடை வேறு யாருடையதோ. தாளைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறான்.

இன்னொன்று, சோதனை வீடியோ. கண்ணில் கண்ணாடி மாட்டிக்கொண்டு கதிரையில் இருந்தபடியே ட்ரோனை ஓட்டுகிறது. மரங்களுக்கிடையால், வளையங்களுக்குள்ளால், கடைசியில் பழைய பஸ் ஒன்றின் யன்னலுக்குள்ளால். பிறகு படம் இல்லை, வெறும் புள்ளிகள். இடித்துப் படம் போனால் பாஸ். போகாவிட்டால் பெயில்.

மற்றவர்கள் உயரத்தில் ஓட்டிக் கோட்டை விடுகிறார்களாம். தனு பதிவாக, கதிர் மட்டத்தில். எங்கே பழகினாய் என்று வாத்தியார் கேட்டாராம்.

"நெல்லுக்கு எண்டு சொன்னனான் மச்சான். ஒருத்தரும் நம்பேல்லை."

பெயிலானவர்களைத் துவக்கோடு நடக்க அனுப்புகிறார்களாம். பாசானவர்கள் பங்கருக்குள். இதில் எதை வாழ்த்துவது?

அவனுடைய பக்கத்துக் கட்டில், குருநாகல்காரர் ஒருவர். முன்னாள் ஆமி. தனு சொல்கிறான்: "நல்ல மனுசன்டா. சம்பலெல்லாம் இடிச்சுத் தருவான். முல்லைத்தீவுப் பக்கம் வந்திருக்கிறானாம். எந்த வருசம் எண்டு நான் கேக்கேல்லை."

கடைசிக் குரல்பதிவு, மெல்லமாக. போர்வைக்குள் இருந்து கதைக்கிற மாதிரி.

"டேய், வடிவாக் கேள். பாசான எல்லாரையும் வாற கிழமை முன்னுக்கு அனுப்பினம். ஓட்டத் தெரிஞ்ச ஆளொண்டைக் கூப்பிட்டுத் தந்தா என்னை இங்கயே படிப்பிக்க விடுவினமாம். நீ வாறியா? ... வேண்டாமெண்டா வேண்டாம்டா." பிறகு நீட்டுக்கு மூச்சு. "வாடா."

ஏஜென்றுக்கு எடுத்தேன்.

"ஞாயிறு விடிய வான். ஓமோ இல்லையோ, இப்ப சொல்லும் தம்பி. ஆள் நிரம்புது."

ஓம் என்றேன்.

என்னிடம் இருப்பவை: பாதிப் படிப்பு. வேறொருவரின் ட்ரோன். வேறொருவரின் நெல். கொம்பனி வேலைக்குக் கூப்பிட்டால் கம்பஸ் பெடியன், கூப்பிடாவிட்டால் ரோட்டுப் பெடியன்.

விட்டுப் போக முடியாதவை: இல்லை.

சரி, ஒன்று. இப்போது குசினிக்குள் தேங்காய் துருவுகிறது.

மார்கழி 10, புதன்

வெயில். கையில் மருந்து பட்டு எரிவு. தேங்காய் எண்ணெய் பூசினேன், கேட்கவில்லை.

பெரியம்மாவுக்குத் தனு சொன்னது ஒரு வரி: "பைலட்டுக்குப் படிக்கிறன் அம்மா." பொய் இல்லை. அங்கே அதைத்தான் சொல்கிறார்கள். அவர் நினைத்திருப்பது சனம் ஏறுகிற விமானம். வீடியோக்களை நான்தான் காட்டுகிறேன், சத்தத்தை அமத்திவிட்டு.

நானும் அதே படிப்புக்குத்தான் போகிறேன் என்றேன்.

"ரெண்டு பேரும் ஒரு இடத்தில எண்டா எனக்கு நிம்மதி. தேத்தண்ணி வைக்கத் தெரியாத ரெண்டு சனியன்."

என் பாஸ்போட்டை வாங்கிப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்தார். மேலே திருநீறு, ஒரு செவ்வரத்தம்பூ. தனுவினதும் அங்கேயிருந்துதான் போனது.

"ஞாயிறு நான் எடுத்துத் தருவன். அதுக்கு முதல் தொட்டியோ, கை முறியும்."

பின்னேரம் சந்தியில் பனர். விளையாட்டுக் கழகத்து ரஜீயின் வேலை. பெரியம்மா வாய் வைத்திருக்காமல் கோயிலில் சொல்லியிருக்கிறார். இங்கே கம்பஸ் கிடைத்தால் பனர், மருமகள் வந்தால் பனர், செத்தால் பனர். விமானிக்குப் போடாமல் விடுவானா? தனுவின் பழைய அடையாள அட்டைப் படத்தை எடுத்து, இணையத்தில் பிடித்த வெள்ளைத் தொப்பியும் கோட்டும் பொருத்தி, பின்னால் ஒரு பெரிய பயணிகள் விமானம். தலை தொப்பியைவிடப் பெரிது. கீழே: எமது மண்ணின் முதல் விமானியை வாழ்த்துகிறோம்.

"எப்பிடி மச்சான்?"

"விமானத்துக்கு ஒரு செட்டைதான் இருக்கு."

"மற்றது அவன்ர தலைக்குப் பின்னால இருக்கு. உனக்கு எரிச்சல்."

கடைக்காரர் குலம் அண்ணை மட்டும் சைக்கிளை நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ரஜீயின் காதுக்குள் சொன்னார்: "தம்பி, முதல் எண்ட சொல்லை எடுத்துவிடு."

"ஏன் அண்ணை? அவன்தானே முதல்?"

"நீ குழந்தையா இருக்கேக்க இயக்கம் பிளேன் விட்ட கதை உனக்குத் தெரியாது. எடு. விசாரிக்க வருவாங்கள்."

ரஜீ எடுக்கவில்லை. பிரிண்ட் பண்ணியாகிவிட்டதாம்.

விசாரிக்க வருகிற ஆட்கள். எங்கள் வீட்டுக்கு அவர்கள் புதிதில்லை. சண்டை முடிந்த அன்று, பதிந்துவிட்டு விடுவோம் என்று சொல்லிப் பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் பஸ்ஸில் ஏறியதைப் பெரியம்மா பார்த்தார். அவ்வளவுதான். பிறகு பல வருடம், சிவில் உடுப்பில் ஆட்கள் வந்து, அவர் எங்கே என்று எங்களிடமே கேட்டார்கள். பெரியம்மா எங்கள் இருவருக்கும் படிப்பித்த முதல் பாடம்: ஆர் வந்து என்ன கேட்டாலும் தெரியாது. நாயின் பெயரைக் கேட்டாலும் தெரியாது. ஒருதரம் தனு தன் பெயரையே தெரியாது என்றான். வந்த ஆளே சிரித்துவிட்டான்.

மார்கழி 11, வியாழன்

மழை. மருந்தடிப்பு இல்லை.

கொண்டுபோக: கம்பளிச் சட்டை (இல்லை). காலுறை. மிளகாய்த்தூள், தனு கேட்டது. பனங்கட்டி, அதுவும் அவனுக்குத்தான். பல் வலிக் குளிசை.

ஏஜென்ற் கேட்டார்: "வீட்டில பிரச்சினை இல்லைதானே?"

"இல்லை."

"அம்மாக்கள் கடைசி நேரத்தில அழுவினம். வானை நிப்பாட்டமாட்டன்."

அழமாட்டார் என்றேன். சந்தோசமாக இருக்கிறார். பருத்தித்துறை வடை சுட்டுக்கொண்டிருக்கிறார், இரண்டு பொதி. வீடு முழுக்க எண்ணெய் மணம். எனக்கு ஒரு வடை. மற்றதெல்லாம் தனுவுக்குக் கொண்டுபோக.

மார்கழி 12, வெள்ளி

மழை விட்டு, சேறு. சந்தியில் பொங்கல். விமானிக்காகப் பெரியம்மா வைத்த நேர்த்தி. சர்க்கரைப் பொங்கல், கழகத்தின் சவுண்ட் பொக்ஸ், வெள்ளைத் துணியில் படம் போட ஒரு பெட்டி. பெரியம்மா கலியாண வீட்டுச் சேலை. தலையில் பூ. பெரியப்பா போன பிறகு அவர் பூ வைத்து நான் கண்டதில்லை.

ரஜீ கேட்டான்: "பாசான வீடியோவைத் தா மச்சான், போடுவம்."

விழா வீடியோவை மட்டும் அனுப்பினேன். அந்த நாய்க்குத் தனுவே சோதனை வீடியோவையும் அனுப்பியிருக்கிறான். எனக்குத் தெரியாது.

விழா ஓடியது. கைதட்டல். "உங்க பார், தாளைத் தலைகீழாப் பிடிச்சிருக்கிறான்!" பெரியம்மாவும் சிரித்தார். பிறகு அடுத்தது தானாக ஓடத் தொடங்கியது. முழுச் சத்தம். இரண்டு சவுண்ட் பொக்ஸிலும்.

அந்த இரைச்சல்.

வயதுபோன ஆட்கள் எல்லோரும் மேலே பார்த்தார்கள். ஒருவர்கூடத் திரையைப் பார்க்கவில்லை. நாங்கள் பெடியள் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம், மரம், வளையம், மரம். குலம் அண்ணை கடைக் கதவை இழுத்துச் சாத்தினார். ஒரு அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆலமரத்துக்குக் கீழே. பெரியம்மா பொங்கல் அடுப்பில் குடத்துத் தண்ணீரைக் கவிழ்த்தார். புகையும் சாம்பலும் பானைக்குள்.

அதற்குப் பிறகுதான் எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். பஸ். யன்னல். புள்ளி புள்ளி.

"சூப்பர்!" என்றான் ரஜீ, தனியாக.

பெரியம்மாவை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். முற்றத்தில் குந்திக் காலைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"உதையோ அவன் ஓட்டுறான்?"

"ஓம்."

"அதுக்குள்ள அவன் இல்லையோ?"

"இல்லை. பங்கருக்குள்ள இருந்துதான் ஓட்டுறது."

"அந்த பஸ்ஸுக்குள்ள ஆர் இருந்தது?"

"ஒருத்தரும் இல்லை பெரியம்மா. பழைய பஸ்."

"படிக்கேக்க பழைய பஸ். பேந்து?"

நான் இன்னொரு வாளி தண்ணீர் அள்ளி அவரின் காலடியில் வைத்தேன்.

"மற்றப் பக்கமும் உது வைச்சிருக்கிறாங்களோ?"

"ஓம்."

"அப்ப அவன்ர பங்கருக்கு மேலயும் வண்டு நிக்கும்."

மூடி மறைக்க இனி என்ன? முழுவதையும் சொன்னேன். நான் போனால் தனுவைப் படிப்பிக்க வைத்திருப்பார்கள், போகாவிட்டால் முன்னுக்கு. நான் அதற்காகத்தான் போகிறேன் என்பதையும்.

"ஆர் சொன்னது?"

"தனு."

"தனுவுக்கு ஆர் சொன்னது?"

"அங்க இருக்கிற பெரியாக்கள்."

சிரித்தார். நல்ல சிரிப்பில்லை.

"பெரியப்பாவுக்கும் பெரியாக்கள்தான் சொன்னவை. பதிஞ்சுபோட்டு விடுவம் எண்டு."

"இது வேற பெரியம்மா."

"ஓமடா. இது வேற பஸ்."

பூவைத் தலையிலிருந்து இழுத்துக் கோழிக்கு எறிந்தார். நான் போகத்தான் போகிறேன் என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. தனு உங்கள் பிள்ளை, உங்களுக்கு விருப்பமில்லையா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. போய் வடைப் பொதியை இன்னொரு பையால் சுற்றிக் கட்டினார். அப்படியென்றால் போகச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

மார்கழி 13, சனி

வெயில். பை கட்டி முடித்தது.

படலைக்கு வெளியே மோட்டார் சைக்கிள். இரண்டு பேர், மடிப்புக் குலையாத சேட். ஒருவர் கையில் ஹெல்மெட். போனில் பனர் படம்.

"யாரு இந்தத் தனுஷன்?"

"தெரியாது." வாய் தானாகச் சொன்னது. அவர் என் முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நாங்கள் இருவரும் ஒரே சாடை.

"பைலட்டுன்னு போட்டிருக்கு. பிளேன் எங்க இருக்கு?"

சிரிப்பு வந்தது, அடக்கினேன். "பிளேன் இல்லை சேர். பனர்தான்."

"யாரு படிப்பிக்கிறது? இங்கயா, காட்டுக்குள்ளயா?"

"தெரியாது."

"முதல் விமானின்னு எழுதியிருக்கு. முதல்னா, அப்ப ரெண்டாவது யாரு?"

குலம் அண்ணை வாழ்க. சொன்னாரே.

"தெரியாது சேர்."

பெரியம்மா குசினியால் வந்து எங்களைக் கடந்து சாமி அறைக்குள் போனார். இந்த ஆட்களைக் கண்டால் உள்ளே போய் இருப்பது வழமை. கூப்பிட்டால் வருவார், தெரியாது என்பார், திரும்பப் போவார். இம்முறை தானாகவே வெளியே வந்தார். கையில் என் பாஸ்போட். திருநீறும் துடைக்காமல்.

"ரெண்டாவது இவன்."

நான் "பெரியம்மா!" என்றேன்.

"என்ர மகன் அங்க சண்டைக்குள்ள நிக்கிறான். வவுனியாக்காரன் ஒருத்தன்தான் அனுப்பினவன். நாளைக்கு விடிய வான் வருது. இவனும் ஏறப்போறான். இந்தாங்கோ, இதைக் கொண்டுபோங்கோ."

ஹெல்மெட்காரர் கையை நீட்டவில்லை. அவருக்கே சங்கடம். "அம்மா, நாங்க சும்மா கேட்டுட்டுப் போகத்தான்..."

"கொண்டுபோங்கோ எண்டுறன். எத்தினை வருசம் வந்து வந்து கேட்டனீங்கள். இண்டைக்குத்தான் சொல்லுறன். கொப்பி இருக்கோ? எழுதுங்கோ."

எழுதினார்கள். ஏஜென்றின் பெயர், தெரு, வானின் நிறம், எல்லாம் சொன்னார். அவருக்கு இவ்வளவு தெரியும் என்று எனக்கே தெரியாது. நாளைக் காலை என்னைத் தங்கள் அலுவலகத்துக்கு வரட்டாம். ஏற்ற ஜீப் வரும். பாஸ்போட் அவர்களின் சேட் பைக்குள் போனது.

போன பிறகு கத்தினேன். வாயில் வந்ததெல்லாம். அவங்களிட்டப் போய்ச் சொன்னீங்களே, ஊரில் ஒருவரும் செய்யாத வேலை, அதுவும் வீட்டுக்குள் இருந்த ஆளை. அவர் படலையைச் சாத்தி, தடியைக் குறுக்கே போட்டார்.

கடைசியாகக் கேட்டேன்: "அப்ப தனு? நான் போகாட்டி அவனை என்ன செய்வாங்கள் எண்டு தெரியுமோ உங்களுக்கு?"

"தெரியும்" என்றார்.

மார்கழி 14, ஞாயிறு

பனி. வான் வரவில்லை. ஏஜென்றின் நம்பர் வேலை செய்யவில்லை. கதை அதற்குள் போய்விட்டது.

தனுவுக்கு நேற்றே எழுதினேன்: வர முடியாமல் போச்சுடா. காரணம் எழுதவில்லை. அனுப்பியதற்கு ஒரு கோடு. போய்ச் சேர்ந்ததற்கு இரண்டாவது கோடு வரவில்லை. பெரியம்மாவும் என் போனில் ஒரு குரல்பதிவு போட்டார். "அப்பன், தலையை வெளியால காட்டாத. அடுப்பு மூட்டாத. வெளிச்சத்தில உடுப்புக் காயப்போடாத." அவ்வளவுதான். அதற்கும் ஒரு கோடு.

பனரைக் காணவில்லை என்று ரஜீ திட்டி மெசேஜ். அது எங்கள் வளவில்தான். விடிய நானே பார்த்தேன், பெரியம்மா விறகுக்கு மேல் மூடி, நாலு பக்கமும் கல் வைத்திருக்கிறார். தனுவின் முகம் உள்பக்கம். நனையாது.

நான் இன்னும் அவரோடு கதைக்கவில்லை. அவர் ஒரு பிளேட்டில் வடை வைத்தார். தனுவுக்குச் சுட்டது. தொடவில்லை.

பக்கத்து வயலில் மருந்தடிப்பு. முதலாளி அதற்குள் வேறு ஆள் பிடித்துவிட்டார். உயரத்தில் ஓட்டுகிறான், விசரன், மருந்தெல்லாம் காற்றோடு. எங்கள் கூரைக்கு மேலாலேயே திருப்புகிறான். கொடியைப் பார்த்தேன். சிவப்புச் சேலை, என் நீலச் சேட், எல்லாம் அப்படியே தொங்குகிறது. அடுப்பும் புகைகிறது. பெரியம்மா வாசற்படியில் குந்தியிருக்கிறார். அலுவலகத்துக்கு என்னோடு வர, வெளிச்சேலை உடுத்தி, மடியில் குடை. மேலே நிமிரவே இல்லை. என் போனை இரண்டு கையாலும் பிடித்து, அந்த ஒரு கோட்டையே பார்த்துக்கொண்டு.

ஜீப் சத்தம் சந்தியடியில். கூப்பிடுகிறார். போகவேணும்.